ஞாயிற்றுக்கிழமையே தயாரான ரிப்போர்ட்

போன மாதம் மகள் வயிற்றுப் பேரன் வந்திருந்தான். இன்ஜினீயரிங் முதலாண்டு படிக்கிறான். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆம்பூரில் எங்களோடு இருந்துவிட்டு, ஞாயிறு சாயங்காலம் ரயிலேறுவதாக ஏற்பாடு. மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் லேப்டாப்பைத் திறந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா, லீவு நாள்ல வேலை?"

"நாளைக்கு கெமிஸ்ட்ரி லேப் தாத்தா. ரிப்போர்ட் ஒண்ணு குடுக்கணும். சின்னதுதான், ரெண்டு பக்கம். முடிஞ்சிடுச்சி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் குளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் சோதனை. நோக்கம், தேவையான பொருட்கள், தத்துவம், செய்முறை, அட்டவணை, கணக்கு, முடிவு எல்லாம் வரிசையாக, அழகாக இருந்தன. அட்டவணையில் மூன்று ரீடிங்: 12.1, 12.1, 12.1.

"சோதனை எப்ப செஞ்சே?"

"நாளைக்குத்தான் தாத்தா செய்யணும்."

"அப்ப இந்த 12.1 எங்கேர்ந்து வந்தது?"

"சீனியர் அனுப்பினாரு. எல்லாரும் இதைத்தான் போடறாங்க. வேற நம்பர் வந்தா சார் திருப்பி எழுதச் சொல்லுவாரு."

அந்தக் கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. அப்படித் திருப்பி எழுதச் சொன்ன சார்களில் நானும் ஒருவன்.

வேலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தில் 27 வருடம் நின்றவன் நான். எத்தனை ஆயிரம் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அந்த உரிமையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லேப் ரிப்போர்ட் என்பது கட்டுரை அல்ல, சாட்சியம். கண்ணால் பார்த்ததைப் பார்த்த பிறகு எழுதுவது. அதற்கு ஒரு பக்கம் போதும். ஆனால் அந்த ஒரு பக்கத்தில் பொய் இருக்கக்கூடாது. நம் பிள்ளைகளுக்கு நாம் 40 பக்கம் எழுதக் கற்றுக்கொடுத்தோம். அந்த ஒரு பக்கத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை.

நான் பார்த்த முதல் லேப் ரிப்போர்ட்டை எழுதியவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். என் அப்பா. ஆம்பூரில் ஒரு டேனரியில் மேஸ்திரி. குரோம் போட்டுப் பதனிடும் தோல் டிரம்மில் மணிக்கணக்காகச் சுற்றும். பதம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீலமாக ஊறிய தோலிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டுவார். அதை ஒரு அட்டைமேல் வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு இழுப்பார். பிறகு கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து, அதே கோட்டின்மேல் திரும்ப வைப்பார். துண்டு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் பதம் வந்துவிட்டது. சுருங்கி உள்ளே போயிருந்தால் வரவில்லை, டிரம் இன்னும் சுற்ற வேண்டும்.

அந்த அட்டைதான் ரிப்போர்ட். என்ன செய்தார், என்ன ஆனது, முடிவு என்ன, மூன்றும் அதில் இருக்கும். முதலாளி வந்து பார்த்தாலும் புரியும், டிரம் சுற்றுகிற ஆளுக்கும் புரியும். கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டு "சரியா இருக்கு" என்று சொல்ல அப்பாவுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சொன்னால் ஒரு டிரம் தோல் நாசம். பொய்க்கு உடனே தண்டனை கிடைக்கிற இடத்தில் யாரும் பொய் எழுதுவதில்லை.

கல்லூரி லேபில் அந்தத் தண்டனை இல்லை. அதுதான் அங்கே கோளாறு.

இனி என் கதை. 1994 என்று நினைவு. முதலாண்டு மாணவன் ஒருவன், வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரை கிராமத்துப் பையன், லேபுக்கு வரும்போது ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தான்.

"சார், இது எங்க கெணத்துத் தண்ணி. இதுல செஞ்சு பார்க்கலாமா? எங்கப்பா கேட்டாரு."

செய்யச் சொன்னேன். வேதியியல் படிக்காதவர்களுக்காகச் சோதனையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 50 மில்லி தண்ணீரைக் குடுவையில் எடுத்து, மஞ்சள் நிறப் பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விடுவோம். மேலே பியூரெட் என்னும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சில்வர் நைட்ரேட் சொட்டுச் சொட்டாக விழும். தண்ணீரில் இருக்கும் குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பாதி, அதோடு சேர்ந்து பால்போல் வெளுக்கும். குளோரைடு தீர்ந்ததும் அடுத்த சொட்டில் செங்கல் நிறம் எட்டிப்பார்க்கும். அங்கே நிறுத்தி, எத்தனை மில்லி செலவாயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் லேபில் வைத்திருந்த கரைசலுக்கு, 1 மில்லி செலவானால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரைடு என்று கணக்கு. கல்லூரிக் குழாய்த் தண்ணீருக்குச் சுமார் 12 மில்லி ஆகும்.

இந்தப் பையனின் பியூரெட்டில் 50 மில்லியும் இறங்கிவிட்டது. நிறம் மாறவில்லை. மறுபடி நிரப்பினான். இன்னும் 41 மில்லி போனபிறகுதான் செங்கல் நிறம் வந்தது. நோட்டில் 91 என்று எழுதிக்கொண்டு வந்து நின்றான்.

எனக்குக் கோபம். சில்வர் நைட்ரேட் என்ன விலை! ஒரு பையன் ஏழு பேருக்கானதைக் கொட்டியிருக்கிறான். பிப்பெட்டில் தப்பாக எடுத்திருப்பான், இண்டிகேட்டரை மறந்திருப்பான் என்று நானே முடிவு கட்டினேன். அவன் செய்ததை நான் நின்று பார்க்கவும் இல்லை. "தப்புப் பண்ணிட்டேப்பா. லேப் தண்ணியிலே செஞ்சு அந்த ரீடிங்கை எழுது" என்று சொல்லி, 91க்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'ரிபீட்' என்று போட்டேன்.

பையன் சொன்னபடி செய்தான். 11.9 வந்தது. லிட்டருக்கு 238 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 250. ஆகவே 'வரம்புக்குள் இருக்கிறது' என்று முடிவு எழுதினான். ஆனால் ரிப்போர்ட்டின் தலைப்பை அவன் முன்பே எழுதிவிட்டிருந்தான்: தன் ஊர்ப் பெயரும், 'கிணற்றுத் தண்ணீர்' என்பதும். அதை அவன் மாற்றவில்லை, நான் கவனிக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

சில வாரம் கழித்து அவன் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். போனேன். வாசலில் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். உதட்டில் பட்டதும் உப்பு கரித்தது. சோப்பு நுரைக்கவில்லை. சமையலுக்கு மாட்டுவண்டியில் டிரம் வைத்து வேறு ஊரிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பையனின் அப்பா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. சுற்றியிருந்த நிலத்தில் வெள்ளை பூத்திருந்தது. ஒரு காலத்தில் நெல்லும் கரும்பும் வைத்த இடமாம்.

"சார், நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பரைப் பையன் காட்டினான். தண்ணி நல்லா இருக்குன்னு எழுதியிருக்குதாம். அப்புறம் ஏன் சார் பயிர் நிக்க மாட்டேங்குது?"

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டார். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், தன் கண்ணிலும் நாக்கிலும்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேட்டார். அந்த மனிதர் முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை லேபில் நானே செய்தேன். இம்முறை 10 மில்லி கிணற்றுத் தண்ணீரை 50 மில்லியாகக் கலக்கி, அதாவது ஐந்து மடங்கு நீர்க்கச் செய்து பார்த்தேன். 18.3 மில்லி செலவானது. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 1830 மில்லிகிராம். பையனின் 91 மில்லிக்குக் கணக்கு 1820. பதினெட்டு வயதுப் பையன், முதல்முறை பியூரெட் பிடித்தவன், ஏறக்குறைய அச்சாகச் சரியாகச் செய்திருக்கிறான். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில்கூட 1000க்கு மேல் போகக்கூடாது என்கிறது தர நிர்ணயம். 1830 என்றால் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 3 கிராம் சமையல் உப்பு.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வருகிறது. ஊறவைத்துக் கழுவும்போது அத்தனையும் தண்ணீரில் இறங்கும். குரோமியத்தையாவது சுண்ணாம்பு போட்டுப் படியவைத்துப் பிரிக்கலாம். கரைந்த உப்பு அப்படிப் படியாது, சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. அந்தக் கழிவுநீர் விழுந்த ஆற்று மணல் வழியாக உப்பு கிணறு கிணறாக நகர்ந்தது.

பையனைக் கூப்பிட்டு, நடந்தது என் தப்பு என்று சொன்னேன். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு பக்கத்தில் புதிதாக எழுதினோம். எந்தக் கிணறு, என்றைக்கு எடுத்த தண்ணீர், எப்படிச் சோதித்தோம், இருமுறை வந்த எண்கள், வரம்பு எவ்வளவு. முந்தைய தாள் தவறு, அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் ஒரு வரி. அவன் அப்பா அதை மனுவோடு சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தாளால் கிணறு இனித்துவிடவில்லை. ஆனால் அவர் நாக்குச் சரியானதுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

ஒரு மாணவனின் ரிப்போர்ட்டில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள், நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும், கேடு வரும்முன் தடுக்க வேண்டும் என்ற கொள்கைகள் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. இன்று சட்டம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் வேலூர் வழக்கு என்று படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு எதன்மேல் நிற்கிறது? அளவுகளின்மேல். தோல் தொழில் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற ஆய்வு அதில் எடுத்துக்காட்டப்படுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் செய்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கெடுப்பும் அதில் வருகிறது. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி பாலாற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்க்கவில்லை. யாரோ கிணறு கிணறாகப் போய் அளந்து, அளந்ததை அப்படியே எழுதிவைத்ததை நம்பினார். அந்த யாரோ ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் லேபில் நின்ற மாணவர்கள்தான். அவர்களும் 'சரியான விடை'யை எழுதப் பழகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரச் சொல்லி உத்தரவிட்டது. அதற்கும் இனிமேல் அளக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

இதைச் சொல்வதால் தோல் தொழிலுக்கு நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். என்னைப் படிக்கவைத்தது டேனரிக் கூலி. இந்த ஊரில் அடுப்பு எரிவது தோலாலும் ஷூவாலும்தான். ஒழுங்காகச் சுத்திகரிக்கிற முதலாளிக்கும் உண்மையான எண்தான் துணை. எல்லா ரிப்போர்ட்டும் ஒன்றுபோலவே இருந்தால், நல்லவர் எது, மற்றவர் எது என்று யாருக்குத் தெரியும்?

'விடையோடு ஒத்துப்போகாத எண் என்றால் கைப்பிசகு' என்ற எண்ணம் பெரிய இடத்திலும் உண்டு. அதற்கு மாறாக நடந்தவர் ராலே பிரபு. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், வேதிப்பொருட்களிலிருந்து எடுத்த நைட்ரஜனைவிடச் சுமார் அரை சதவீதம் கனமாக இருந்தது. எங்கள் லேபில் அரை சதவீதம் என்றால் முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பியிருப்போம். அவர் 1892இல் 'நேச்சர்' இதழுக்கு, எனக்கு இப்படி வருகிறது, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று ஒரு சிறு கடிதம் எழுதினார். அதைத் தொடர்ந்து போனதில் 1894இல் ராம்சேயுடன் சேர்ந்து ஆர்கான் என்ற புது வாயுவையே கண்டுபிடித்தார். 1904இல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்த முதல் கடிதமும் ஒரு குட்டி லேப் ரிப்போர்ட்தான்.

என்னோடு வேலைபார்த்த நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். "60 பசங்க, மூணு மணி நேரம், ஒரு அட்டெண்டர். செமஸ்டருக்குள்ள எல்லா எக்ஸ்பெரிமெண்டும் ரெக்கார்டுல ஏறி கையெழுத்து ஆகலேன்னா பரீட்சைக்கே விடமாட்டாங்க. இதுல நின்னு பார்க்கறதுக்கு நேரம் ஏது?" நியாயம்தான். நானும் அதையே சொல்லித்தான் 27 வருடம் ஓட்டினேன். ஆகவே ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. எடையைப் பார்த்து நோட்டுக்கு மார்க் போடும் வழக்கம்தான் மாற வேண்டும்.

எனக்குத் தோன்றும் வழிகள் சில. சோதனைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்கலாம். தத்துவத்தையும் செய்முறையையும் புத்தகத்தில் விட்டுவிடலாம், பிள்ளைகள் அதைக் காப்பி எடுக்கத் தேவையில்லை. ரீடிங்கைப் பேனாவால், லேபிலேயே, அந்த நிமிடமே எழுத வேண்டும். தப்பென்றால் ஒரு கோடு போட்டு அடிக்கலாம், அழிக்கக்கூடாது. அடித்ததும் படிக்கும்படி இருக்க வேண்டும். வாரம் ஒரு பக்கம் ரிப்போர்ட். என்ன செய்தேன், என்ன வந்தது, அதை எவ்வளவு நம்பலாம், ஏன் என்று நான்கு பத்தி. எதிர்பார்த்தது வரவில்லை என்றால் அதற்கு மார்க் குறைக்காமல், ஏன் வரவில்லை என்று யோசித்து எழுதியதற்கு மார்க் கொடுக்கலாம். முடிந்தால் அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லலாம். அப்போது சீனியரின் எண் யாருக்கும் உதவாது.

கடைசியாக ஒரு வரி: மிச்சத்தை என்ன செய்தீர்கள்? நாங்கள் அத்தனை வருடமும் அந்த மஞ்சள் குரோமேட் தண்ணீரை லேப் தொட்டியில்தான் கொட்டினோம். அது புற்றுநோய் தரக்கூடிய வகைக் குரோமியம். பாலாற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே கொட்டினோம். இதையும் நான் எழுதிவைக்க வேண்டும் அல்லவா?

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மேலே சொன்ன கதை முழுவதையும் அவனுக்குச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டான். ரயிலேறும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை ராத்திரி போன் வந்தது.

"தாத்தா, எனக்கு 13.4, 12.7, 12.6 வந்துச்சி. முதல் தடவை கலர் ரொம்ப சிவந்துடுச்சி, நிறுத்தறதுக்குள்ள தாண்டிட்டேன். அதை அப்படியே எழுதி, அதனால முதல் ரீடிங்கை விட்டுட்டேன்னு ஒரு வரி போட்டேன்."

"சார் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பத்துக்கு ஏழு போட்டாரு. 12.1 போட்டவங்களுக்கு ஒம்போது."

மறுநாள் காலை மகள் கூப்பிட்டாள். "ஏம்பா, நீங்க சும்மா இருக்க மாட்டீங்களா? இன்டர்னல் மார்க் போச்சுன்னா யாரு பொறுப்பு?" என் வீட்டுக்காரியும் அவள் பக்கம்தான். இரண்டு மார்க் இரண்டு மார்க்தான் என்கிறாள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இன்னும் லேபில் நிற்கிற ஆசிரியர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். அந்த இரண்டு மார்க் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

பேரன் அடுத்தமுறை வரும்போது நம் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சாரிடம் கேட்டுக்கொண்டு செய் என்றேன். முதலில் ஐந்து மடங்கு நீர்க்கச் செய்துகொள், சில்வர் நைட்ரேட் விலை அதிகம் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.